திருவா, லேட்டா

எங்கள் மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அம்பாசிடர்தான். முதல் தூதரகத்தில் மூன்றாம் செயலர் என்ற கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்த அன்றே, கடலூர் புதுப்பாளையம் முழுக்க "எங்க மச்சான் அம்பாசிடரு" என்று சொல்லி முடித்துவிட்டார். ஒருமுறை ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவரிடம் இதைச் சொல்ல, அவர் "அந்த வண்டிதான் இப்ப வர்றதே இல்லியே சார்" என்றார். மாமா அசரவில்லை. "இது ஃபாரின்ல ஓடுற அம்பாசிடரு" என்றார். நாடு நாடாக மாறி எனக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. நான் இன்னும் தூதர் ஆகவில்லை. மாமா கொடுத்த பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் இல்லை.

விடுமுறையில் வந்தால் அக்கா வீட்டில்தான் தங்குவேன். சிதம்பரத்தில் நான் பிறந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. நடுவில் ஓரிரு நாள் போய்த் திறந்து பெருக்கிவிட்டு வருவேன். நான் வந்திருப்பது தெரிந்ததும் அக்கா வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கும். எல்லோருக்கும் ஒரே தேவை, விசா. "எம்பசியிலயே இருக்கீங்க, ஒரு விசா குத்திக் குடுத்தா என்னா கொறஞ்சிடும்?" என்பார்கள். நாங்கள் விசா கொடுப்பது இந்தியாவுக்கு வர நினைக்கிற அந்த நாட்டுக்காரனுக்கு. நம் ஆள் அங்கே போக விசா கொடுக்க வேண்டியது இங்கே சென்னையிலோ டெல்லியிலோ இருக்கிற அவர்கள் அலுவலகம். இதை எத்தனை விதமாகச் சொல்லியும் யாரும் நம்பியதில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, கேட்டைத் தாண்டியதும் "சொந்தக்காரங்களுக்குச் செய்ய மனசு வரல, அவ்ளோதான்" என்பார்கள். முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது வருவதில்லை. அவ்வளவு பெரிய வேலை என்று பெயர் இருந்து, அதை வைத்து ஒன்றும் நடத்த முடியாது என்றால் எவன்தான் நம்புவான்?

என்ன வேலை என்று விளக்கமாகச் சொல்வதற்கும் கூச்சமாக இருக்கிறது. நான் ஐரோப்பாவில் குளிர் நாடு ஒன்றில் இருந்தபோது, வந்து இறங்குகிற பெரிய மனிதர்களின் பெட்டி தொலையாமல் பார்த்துக்கொள்வதில் பாதி வருஷம் போனது. ஆப்பிரிக்காவில் இருந்தபோது குடியரசு தின விருந்துக்குச் சமோசா போடத் தெரிந்த ஆளைத் தேடி நகரம் முழுக்க அலைந்திருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் எழுதுவதுதான். "அங்க என்னாதான் மச்சான் பண்றீங்க?" என்று மாமா ஒருநாள் நேராகவே கேட்டார். "அதெல்லாம் சொல்லக் கூடாது மாமா" என்றேன். "சிதம்பரத்துக்காரன் வேற. ரகசியம்னா கேக்கணுமா" என்று சிரித்தார். திரைக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் எழுதும் கடிதத்துக்கு ஒரு நடை உண்டு. ஒரு தூதரகம் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதினால் அதில் "நான்" வராது, "நீங்கள்" வராது. இந்தியத் தூதரகம் தன் மரியாதையைத் தெரிவித்துக்கொள்கிறது என்று தொடங்க வேண்டும். தன் உயர்ந்த மதிப்பை மீண்டும் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ள இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது என்று முடிக்க வேண்டும். நடுவில் ஒருவன் செத்திருக்கலாம், ஜெயிலில் இருக்கலாம், சம்பளம் இல்லாமல் பாலைவனத்தில் கிடக்கலாம். மரியாதையும் மதிப்பும் மட்டும் மாறாது. யாரும் எழுதாதது போலவும் யாருக்கும் எழுதாதது போலவும் இருக்கிற இந்த நடையை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். என் மேலதிகாரிகள் பாராட்டியிருக்கிறார்கள்.

அந்த நடை ஊருக்குள் ஒரு காசுக்கு உதவாது என்பதை எனக்குத் தெரியவைத்தவர் அக்கா வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாள். தேவனாம்பட்டினத்துக்காரர். காலையில் கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோ ஏறிப் புதுப்பாளையம் தெருக்களில் விற்றுவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவார். அக்காவுக்கும் அவருக்கும் நல்ல பழக்கம். சங்கரா மீனில் செவுள் வெளுத்திருந்தால் அக்கா சும்மா விடமாட்டாள். அவரும் சளைக்காமல் பதில் கொடுப்பார். இரண்டு பேரும் தினமும் சண்டை போடுவார்கள். சண்டை இல்லாத நாளில் அக்காவுக்குச் சோறு இறங்காது.

அவருடைய கணவர் வளைகுடா நாடு ஒன்றுக்கு மீன்பிடிக்கப் போயிருந்தார். நம் கடற்கரைப் பையன்கள் நிறையப் பேர் அப்படிப் போகிறார்கள். அங்கே ஒரு முதலாளியின் படகில், பிடிக்கிற மீனில் பங்கு என்ற கணக்கில் வேலை. மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதே நாட்டுக்கு எனக்கும் பணி மாற்றல் வந்தது. கன்சூலர் பிரிவு, அதாவது பாஸ்போர்ட், ஜெயில், சவம் எல்லாம் வந்து சேருகிற பிரிவு. அக்கா போனில் சொன்னாள்: "நம்ம மீன்காரம்மா வூட்டுக்காரரு அங்கதான்டா இருக்காரு. தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு அதுக்கு ஒரே சந்தோஷம்." அந்த மனிதரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் வரவில்லை. என் பிரிவுக்கு வராமல் இருப்பவர்கள்தான் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிறகு ஒரு காற்று நாளில் அவர் போன படகு திரும்பவில்லை. படகில் மூன்று பேர். சில நாள் கழித்துப் படகு மட்டும் ஆள் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. இரண்டு பேரின் உடல்கள் வெவ்வேறு இடத்தில் கரை ஒதுங்கின. இரண்டு பேரும் தெற்கே வேறு மாவட்டத்துக்காரர்கள். பிணவறைக்கு நான்தான் போனேன். அவரை மட்டும் காணவில்லை. கடலில் எல்லைக்கோடு பக்கத்தில்தான் இருந்தது. அடுத்த நாட்டு ரோந்துக் கப்பல் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம் என்று முதலாளி சொன்னார். அப்படி நடப்பதும் உண்டு. பிடிபட்டு, பல மாதம் கழித்து ஒரு ஜெயிலிலிருந்து போன் செய்தவர்களை எனக்கே தெரியும். அதனால் இரண்டு நாட்டு அமைச்சகங்களுக்கும் எழுதினோம். மரியாதையைத் தெரிவித்துக்கொண்டோம், மதிப்பை உறுதிப்படுத்திக்கொண்டோம். இரண்டு பக்கமிருந்தும் அதே மரியாதையோடு, தகவல் இல்லை என்று பதில் வந்தது.

அந்த நாட்களில் ஒரு காலை அக்கா போன் செய்து, "இந்தா, நீயே பேசு" என்று மீன்கார அம்மாளிடம் கொடுத்தாள். கூடையை வாசற்படியில் இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. "சார், எங்க வூட்டுக்காரரு இருக்காரா?" என்றார். அழவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை எண் கேட்பதுபோல் கேட்டார். இருக்கிறார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. ஒரு அதிகாரி அந்த இடத்தில் இரண்டையும் சொல்லக் கூடாது. தேடப்பட்டு வருகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைத் தமிழில் ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "பாக்குறேம்மா. கொஞ்சம் லேட்டாவும்" என்றேன்.

இந்தப் "பாக்குறேன்" இருக்கிறதே, அது என் அலுவலகத்தில் ஒரு பொருள், எங்கள் ஊரில் வேறு பொருள். அலுவலகத்தில் ஒருவர் பார்க்கிறேன் என்றால் அந்தக் கோப்பை மறந்துவிடலாம். எங்கள் பக்கம் வயலுக்குத் தண்ணீர் விடுகிற ஆள் "பாக்குறேன் போ" என்றால், போய்ப் படுத்துத் தூங்கலாம், தண்ணீர் வந்துவிடும். தாய்மாமன் "பாக்குறேன்" என்றால் சீர் வந்துவிடும். எந்தப் பொருளில் அந்த அம்மாள் எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தாலும் வேறு எதைச் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டு பெட்டிகளை விமானத்தில் ஏற்றி அனுப்பினேன். அந்த இரண்டு குடும்பங்களும் ஊரிலிருந்து போன் செய்து நன்றி சொன்னார்கள். சவப்பெட்டிக்கு நன்றி வாங்குகிற வேலை வேறு எங்கேயும் இருக்காது. எனக்கு மாற்றல் வந்தது. கோப்பை அடுத்த அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டு வேறு நாட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் அந்த அம்மாள் என்னைப் பார்க்க வந்தார். வந்ததும் கேட்டுவிட மாட்டார். முதலில் அக்காவோடு வழக்கமான சண்டை. "நேத்து குடுத்த நெத்திலியில பாதி மண்ணு" என்று அக்கா தொடங்குவாள். "மண்ணுல இருந்துதானக்கா மீனே வருது" என்பார். அது தப்பு என்று நான் திருத்தினால் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். மீனை ஆய்ந்து, செதில் தெறித்த கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு, போகிற நேரத்தில்தான் கேட்பார். "ஏதாச்சும் தெரிஞ்சுதா சார்?" இல்லையம்மா என்பேன். "செரி, பாருங்க" என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வார். என் மேல் துளிக் கோபம் கிடையாது. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நெற்றியில் பொட்டு பெரிதாக இருக்கும். கழுத்தில் தாலிக்கயிறு, மஞ்சள் புதிதாகப் பூசியது. தெருவில் சிலர் பேசினார்கள் என்று அக்கா சொன்னாள். ஒருமுறை அக்காவே அவரிடம் பக்குவமாகப் பேசிப் பார்த்திருக்கிறாள். அதற்கு அவர் சுனாமிக் கதையைச் சொல்லியிருக்கிறார். சுனாமி அன்று கணவர் கடலுக்குள் இருந்தார். குப்பமே அழுது ஓய்ந்து, மூத்த பெண்கள் வந்து பொட்டை அழிக்கச் சொன்னார்கள். இவர் கையைத் தட்டிவிட்டார். மூன்றாம் நாள் அந்த மனிதர் எங்கேயோ கரையேறி, அங்கேயிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். "அந்த ஆளுக்கு எல்லாத்துலயும் லேட்டுக்கா. எங்க கல்யாணத்துக்கே மாப்ளய தேடித்தான் கூட்டியாந்தாங்க" என்றாராம். இதை அக்கா எனக்குச் சொன்னபோது அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

ஒருநாள் அவர் என்னிடம் வேறொன்றும் சொன்னார். அந்தத் தெற்கத்தி ஆட்கள் இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்று கேட்டார். உடல்களை அனுப்பிவிட்டோம் என்றேன். "அவுங்களுக்காச்சும் பொட்டி வந்துது" என்றார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

இந்த முறை நான் வந்தபோது அவருடன் கொழுந்தனும் வந்திருந்தார், அதாவது காணாமல் போனவரின் தம்பி. துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிற வேலை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைப் பக்கம், அவர்களும் கடல் தொழில்தான். நல்ல குடும்பம், நல்ல பையன். எல்லாம் பேசி முடிந்து, பத்திரிகை அடிக்கிற இடத்தில் நின்றுவிட்டது.

கொழுந்தன்தான் விஷயத்தைச் சொன்னார். "பத்திரிகையில அண்ணன் பேரு போடணுமில்ல சார். பேருக்கு முன்னாடி என்னா போடுறதுன்னு கேக்குறாங்க. திருன்னு போடுறதா, லேட்னு போடுறதா?"

எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உயிரோடு இருப்பவர் திரு. இறந்துபோனவர் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் லேட். மங்கலமான பத்திரிகையில் அமங்கலமாக ஒரு சொல் வரக்கூடாது என்று, இந்த ஒரு இடத்துக்கு மட்டும் இங்கிலீஷைக் கூப்பிட்டு வைத்திருக்கிறோம்.

"திருன்னு போட்டா, உசுரோட இருக்குற அப்பன் பொண்ணு கல்யாணத்துக்கு எங்கன்னு கேப்பாங்க. ஓடிப்போயிட்டான்னு பேசுவாங்க. எங்க அண்ணன் அப்படி ஆளு இல்ல சார்" என்றார் கொழுந்தன். "லேட்னு போட்டா அண்ணி ஒத்துக்க மாட்டுறாங்க. போட்டுட்டு அவுங்க பொட்டோட வந்து நின்னா அதுவும் நல்லா இருக்காது." மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகவே சொல்லிவிட்டார்களாம்: எம்பசி சார் என்ன சொல்கிறாரோ அதையே போட்டுவிடுவோம், அதற்கு மேல் யாரும் பேச மாட்டோம். மாமா தெருவுக்குத் தெரு கொடுத்துவந்த அம்பாசிடர் பட்டம் இப்படி வந்து என் தலையில் இறங்கியது.

அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரு என்று சொல்லிவிடுவேன் என்று அந்தப் பார்வையில் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பிணவறையில்கூட எனக்கு அப்படிப் பயம் வந்ததில்லை.

ரெண்டு நாள் டைம் கொடுங்கள் என்றேன். என் வேலையில் இருப்பவன் முதலில் கேட்பது அதுதான். அந்த வளைகுடா நாட்டில் நம் தூதரகத்தில் இப்போது என் பழைய நாற்காலியில் இருக்கிற அதிகாரிக்குப் போன் செய்தேன். இளம் பெண், நல்ல மாதிரி. பழைய கோப்பைத் தேடி எடுத்துப் படித்துவிட்டுக் கூப்பிட்டாள். "புதுசா ஒண்ணும் இல்ல சார். எல்லாம் உங்க காலத்துல எழுதினதுதான்" என்றாள். கடலூர் கோர்ட்டில் ஒரு வக்கீலைக் கேட்டேன். காணாமல் போய் ஏழு வருஷம் ஆனால் கோர்ட்டுக்குப் போகலாம், அவர்களும் இறந்ததாகக் கருதலாம் என்றுதான் சொல்வார்கள் என்றார். ஏழு வருஷம் ஆகவில்லை. ஆகியிருந்தாலும், கருதலாம் என்பதைப் பத்திரிகையில் எங்கே போடுவது? எல்லாக் கதவையும் தட்டினேன். எல்லோரும் சரியாகத்தான் பதில் சொன்னார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்காவிடம் கேட்டேன். "நீ இருக்காருன்னா அது பொண்ணு கல்யாணத்துல தலை நிமிந்து நிக்கும். இல்லன்னா அழுது தொலைச்சிட்டு ஒரு வழியா ஓயும். ரெண்டுல ஒண்ணச் சொல்லுடா" என்றாள். "எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். "பின்ன எதுக்குடா அங்க இருந்த?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மாமா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாள் சிதம்பரம் வீட்டைத் திறக்கப் போனேன். பெருக்கிக்கொண்டிருக்கும்போது கொழுந்தன் போன் செய்தார். அச்சகமும் சிதம்பரத்தில்தான், மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து காத்திருக்கிறார், அண்ணியும் நானும் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறோம், முட்லூர் தாண்டிவிட்டது, நீங்களும் வந்துவிடுங்கள் என்றார். முகூர்த்தத்துக்கு அதிக நாள் இல்லை. தப்பிக்க வழி இல்லாமல் சட்டையை மாற்றிக்கொண்டு நடந்தேன்.

சின்ன அச்சகம். முன்பக்கம் ஒரு கம்ப்யூட்டர், சுவர் முழுக்க மாதிரிப் பத்திரிகைகள், பிள்ளையார் படம் போட்டவை, மயில் போட்டவை. கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிற பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். எல்லாம் தயார். அப்பா பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு வெற்றிடம், அதில் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து நின்று எனக்கு நாற்காலி கொடுத்தார். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். நாலு பேரு வர்ற எடம். பதில் சொல்லணும் பாருங்க" என்றார். நல்ல மனிதர். மோசமான மனிதராக இருந்திருந்தால் அவரிடம் எரிந்து விழுந்து எழுந்து வந்திருப்பேன்.

நான் பேசினேன். என்ன பேசினேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாட்டு அரசுகளிடமும் தொடர்ந்து கேட்டு வருகிறோம் என்றேன். இதுவரை உறுதியான தகவல் இல்லை என்றேன். தகவல் இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்றேன். தமிழில்தான் பேசினேன், ஆனால் அது அந்தக் கடிதத்தின் குரல். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடித்ததும் தட்டச்சுப் பெண், "சரிங்க சார், அப்ப என்னா போடட்டும்?" என்று கேட்டார்.

அப்பா பெயரை விட்டுவிட்டு அம்மா பெயரை மட்டும் போட்டால் என்ன என்று கேட்டேன். கொழுந்தனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்பன் பேரு இல்லாத பத்திரிகையா சார்? அதுக்கு லேட்டே பரவால்ல" என்றார். திருவும் வேண்டாம், லேட்டும் வேண்டாம், வெறும் பெயரைப் போடலாமா என்றேன். "மரியாத இல்லாமயா?" என்றார் தாய்மாமன். அதோடு என் ராஜதந்திரம் தீர்ந்தது.

அந்த அம்மாள் அதுவரை வாசல் பக்கம் நின்றிருந்தார். உள்ளே வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார். படிக்கத் தெரியாது, ஆனாலும் அந்தக் கோடு சிமிட்டுகிற இடத்தைப் பார்த்தார். "சார் அன்னிக்கி போன்ல சொன்னாரு" என்றார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். "பாக்குறேன், லேட்டாவும்னு சொன்னாரு. வரமாட்டாருன்னு சொல்லல. இன்னிக்கும் சொல்லல." தட்டச்சுப் பெண்ணின் பக்கம் திரும்பி, "லேட்னே போடும்மா. லேட்டுதானே. போட்டுக்க" என்றார்.

தாய்மாமன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாள் கடைசியில் மனசைத் தேற்றிக்கொண்டார் என்று நினைத்திருப்பார். கொழுந்தன், "நல்லது அண்ணி" என்று மெல்லச் சொன்னார். தட்டச்சுப் பெண் அந்த எழுத்துகளை அடித்தார். அடைப்புக்குறி திறந்தது, மூடியது. நான் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். அதில் அழுகை இல்லை. பஸ் தாமதம் என்று கேள்விப்பட்டு மறுபடி பெஞ்சில் உட்காருகிறவர் முகம்போல் இருந்தது. எனக்கு அப்போது புரிந்தது. புரிந்ததை அந்த இடத்தில் சொல்ல முடியாது. சொன்னால் மறுபடியும் அந்த இடம் வெற்றிடமாகிவிடும். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

கல்யாணத்துக்கு இருக்க எனக்கு லீவு இல்லை. புதிய தூதரகத்தில் வந்து சேர்ந்துவிட்டேன். பத்திரிகையை மாமா வாட்சப்பில் அனுப்பியிருந்தார். அடைப்புக்குறிக்குள் இருக்கிற அந்த ஒரு சொல்லை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்த அமைச்சகத்துக்கும் நான் எழுதிய எந்தக் கடிதமும் இந்த அளவுக்கு ஒரு வேலையைச் செய்ததில்லை. இதையும் நான் செய்யவில்லை.

முகூர்த்தம் முடிந்த அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். நல்ல கூட்டம், சாப்பாடு பரவாயில்லை, பாயசத்தில் சர்க்கரை ஜாஸ்தி என்று எல்லாம் சொன்னாள். நானாகக் கேட்டேன். "அந்தம்மா எப்படி இருந்தாங்க?"

"பொட்டு வச்சிக்கிட்டுதான் இருந்துது. தாலியும் இருந்துது. மாப்ள வூட்டு அத்தை ஒண்ணு கேட்டே போட்டுது, பத்திரிகையில லேட்னு போட்டுட்டு இதென்னான்னு. அதுக்கு இது, ஆமா லேட்டுதான், எம்பசி சாரே சொல்லியிருக்காருன்னுது. அதோட விட்டுட்டாங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கிளம்பும்போது என் கையைப் புடிச்சிக்கிட்டு, உன்னக் கேக்கச் சொல்லுச்சிடா" என்றாள் அக்கா.

"என்னா?"

"இன்னும் எவ்ளோ லேட்டாவும்னு."

வெளியே என் அறைக்கு முன்னால் ஆட்கள் நம்பர் வாங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். அலுவலகத்தில் ஒரு பொருளும் ஊரில் வேறு பொருளுமான அந்த வார்த்தையை இனிமேல் யாரிடமும் சொல்வதில்லை என்று சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். வேறு வார்த்தை ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். அக்கா, "இருக்கியாடா? அதுகிட்ட என்னா சொல்லட்டும்?" என்று மறுபடி கேட்டாள்.

"பாக்குறேன்னு சொல்லுக்கா" என்றேன்.